ஆனந்தபாய் பிடித்த ஏழு கோட்டை

'ஏழு கோட்டை' என்ற கைபேசி விளையாட்டில் ஒரு தடவையாவது தோற்றுவிட வேண்டுமென்று ஜோஸ்னா மூன்று வாரமாகப் படாத பாடு பட்டாள். முடியவில்லை. படையை மலைக்கு அனுப்பினாலும் ஜெயம், ஆற்றுக்கு அனுப்பினாலும் ஜெயம். தன் தானியக் கிடங்குக்குத் தானே தீ வைத்தும் பார்த்தாள். ஆட்டத்து ராணி புன்னகைத்து இன்னொரு கிடங்கு கட்டிக்கொண்டாள்.

பார்க்க அழகுதான். அதில் குற்றம் சொன்னால் நாக்கு அழுகும். ராணியின் சேலையில் பாலராமபுரம் கசவுச் சரிகை இழை இழையாக மின்னியது. கள்ளிக்காடு என்ற ஊரில் அணைத்தண்ணீர் மேல் விடியலில் கிடக்கும் மூடுபனியை அப்படியே அள்ளிவந்து கோட்டை அகழியில் விட்டிருந்தான் உமேஷ். நெய்யாற்றின்கரைக்காரன். தாத்தாவும் அப்பாவும் சர்க்கார் ஆபீசில் பேனா பிடித்தவர்கள். இவன் ஜோஸ்னாவின் கம்பெனியில் படம் வரைகிறான். அவன் வரைந்த யானை காதாட்டினால் நிழலும் காதாட்டும். அந்த யானையை எங்கே நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. எங்கே நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது.

திருவனந்தபுரத்தில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் ஜோஸ்னாவுக்கு ஆடிப்பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை. கண்டுபிடித்தாள். மேலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. நீ ஆடிப் பழகியவள், அதனால் ஜெயிக்கிறாய். கேமே தெரியாத யாரையாவது ஆடவிட்டுப் பதிவை அனுப்பு, இல்லையென்றால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் 'சரி' என்று கையெழுத்துப் போடு என்றார். திங்கட்கிழமையோடு உனக்கு ஆறு மாசம் முடிகிறதல்லவா, வேலை நிரந்தரமாக்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். பிச்சைக்காரனுக்குப் போடுவதைப் போல அவர் போட்ட அந்த 'அப்புறம்' கேட்டு ஜோஸ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் தொங்கித் தனுவச்சபுரம் கல்லூரிக்குப் போய்ப் படித்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். இந்த வேலை போனால் அடுத்த கதவு எதுவென்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

சனிக்கிழமை மதியம், அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஆனந்தபாயிடம் போனை நீட்டினாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் விளையாடு."

"எனக்கு வேண்டாம் பிள்ளே. கம்பெனி போனாக்கும். உடைஞ்சா ஒன்னைப் பிடிச்சு வச்சுக்கிடுவானுவ."

"உடையாது. விரலால தொட்டா படை நகரும். அவ்வளவுதான்."

ஆட்டத்தைத் தொடங்கிவைத்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவிட்டு ஜோஸ்னா குளிக்கப் போனாள். ஆனந்தபாய் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"இவ சாறி கொள்ளாமே, என்ன அழகு! யாரு மக்கா இது?"

"ராணி. நீயாக்கும் அது!" என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது.

"நல்ல கதை! நான் இதை உடுத்திட்டு நின்னா மரச்சீனிய எவ வெட்டுவா?"

அப்புறம், திரையில் ஓடும் சிப்பாயை அதட்டும் குரலாக மாறியது. "எலே, அங்கோட்டு போகாதல, வெள்ளம் கிடக்கு! இங்கோட்டு வா! சொன்னா கேக்கானா பாரு. ஒனக்க அப்பனைப் போலத்தான் பிள்ளே."

ஜோஸ்னா தலை துவட்டி வருவதற்குள் திரையில் பூமழை. ஆனந்தபாய் வேலிப்பக்கம் பாய்ந்தாள். "சுனிதா! நான் ஏழு கோட்டையும் பிடிச்சாச்சு!"

"ரெண்டை எனக்குத் தா அக்கா, எனக்க வீடு ஒழுகுது!" என்றாள் பக்கத்து வீட்டுச் சுனிதா.

ஜோஸ்னா பதிவைத் திறந்தாள். ஆட்டம் இருபத்தைந்து நிமிடம். திரை தொடப்பட்டது: பூஜ்யம். முடிவு: வெற்றி.

போன் கெட்டுவிட்டதோ என்று புது ஆட்டம் தொடங்கித் தன் விரலை வைத்தாள். யானை நகர்ந்தது. வேலியோரம் போய் அம்மாவின் விரலைப் பிடித்துத் திரையில் அழுத்தினாள். நகரவில்லை. இருபத்தாறு வருஷம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்த விரல். தோட்டின் எண்ணெய் தின்றுதின்று நுனி மரத்துக் காய்த்து, ரேகை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ரேஷன் கடை மிஷினும் இந்த விரலை ஏற்காது. மூன்று தடவை சிவப்பு காட்டும். பிறகு ஜோஸ்னாதான் போய் விரல் வைப்பாள்.

உமேஷ் போனில் கூப்பிட்டான். "சைன் பண்ணியாச்சா?"

"இல்ல. எங்க அம்மா ஒரு தடவகூடப் படையை நகத்தாம ஜெயிச்சாச்சு. பதிவு உண்டு."

"பொன்னு ஜோஸ்னா, அதை அனுப்பாத. கேம் நின்னு போவும். ரெண்டு வருஷம் வரைஞ்சிருக்கேன்."

"நீ வரைஞ்சது கொள்ளாம். அதையும் எழுதுவேன்."

"எல்லாரும் ஜெயிச்சா ஆருக்கு என்ன நட்டம்? சந்தோஷந்தானே?"

"ஒனக்குத் தெரியாது உமேஷ். உங்க வீட்டுல நீங்க தொட்டதெல்லாம் நகரும்."

போனை வைத்தாள். வாய் அப்படிப் பேசிவிட்டதே தவிர, 'அனுப்பு' பொத்தான் மேல் விரல் போகவில்லை. வேலிப்பக்கம் அம்மா ஐந்தாவது கோட்டையைப் பிடித்த விதத்தைச் சுனிதாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அண்டி ஆபீசில் யாரும் அவளைக் கேட்டு ஒரு கூடையைக்கூட நகர்த்தியதில்லை.

"என்ன, மோந்தையத் தூக்கி வச்சிருக்கே?" என்று ஆனந்தபாய் உள்ளே வந்தாள்.

ஜோஸ்னாவுக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது. "நீ தொட்டது ஒண்ணுகூட விழல்ல அம்மா. ஒனக்க விரலு அதுக்குத் தெரியாது. கேம் தன்னால ஜெயிச்சுது."

"அப்போ அந்த வெள்ளத்துல போனவன்?"

"அவனாப் போனான்."

"நான் திரும்பச் சொன்னது?"

"கேக்கல்ல."

ஆனந்தபாய் கத்தியை எடுத்து ஒரு கிழங்கை முழுசாகத் தோலுரித்து முடித்தாள்.

"ரேஷன் கடை மிஷினு இதைவிட மேலு. இல்லேன்னா இல்லேன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லும்."

"இதை எழுதி அனுப்பினா எனக்க வேலை போனாலும் போவும்."

"போனா பாப்போம். எனக்க பேரையும் போடு. ஆனந்தபாய், அண்டி ஆபீசு."

அப்படியே போட்டு ஜோஸ்னா அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை, பாறசாலையில் ரயில் ஏறும்போது மேலாளரின் பதில் வந்தது. 'இது குறை அல்ல. இப்படித்தான் உருவாக்கியிருக்கிறோம். புகார் மூடப்பட்டது.' அதன் கீழே இன்னொரு வரி: வேலை நிரந்தரமாக்குவது மூன்று மாதம் தள்ளிவைப்பு. மூடிய புகாரை மறுபடி திறக்க அவளுக்கு இன்னும் அனுமதி இருந்தது. திறந்தாள். 'ஆடியவர் தொட்டதே இல்லை' என்று இன்னொரு தடவை எழுதினாள்.

நெய்யாற்றின்கரையில் உமேஷ் ஏறினான். அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். ரயில் பாலராமபுரம் தாண்டியது.

"அந்த ஆத்துல போற படை முங்கணும்," என்றான் உமேஷ். "முங்குற படம் ஒண்ணுகூட நான் வரையல்ல. ஆரும் கேக்கவும் இல்ல."

"வரை," என்றாள் ஜோஸ்னா.