முடுக்கிய திருகு

சக்திவேல் முடுக்கிய நட்டைக் கழற்ற இன்னொருவன் பிறந்துதான் வர வேண்டும் என்று ஏற்காடு ஜீப் ஸ்டாண்டில் கிண்டலடிப்பார்கள். மெக்கானிக்கான அவனுக்கு அதில் பெருமைதான். நாகலூர் ரோட்டுக் குழிகளில் ஓடும் ஜீப்பில் ரப்பர் வைத்த இடமெல்லாம் சீக்கிரமே ஆட்டம் காணும். அவன் ரப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரும்போடு இரும்பாக முடுக்கிவிடுவான். வண்டி தடதடக்கும், ஏறியவன் முதுகு போகும். ஆனால் எதுவும் கழன்று விழாது.

அவன் தங்கை ஜெயகுமாரியின் புருஷன் வெங்கடேஷ் ஜீப் டிரைவர். பெட்ரோலில் ஓடும் ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழசாக வாங்கி வைத்திருந்தான். மாரியம்மன் தேருக்கு மேலே அதைப் பறக்கவிட்டுப் பூத்தூவ வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

அதன் விசிறியைச் சாய்த்துத் திசை திருப்பும் தீப்பெட்டியளவு மோட்டார்களுக்குச் சர்வோ என்று பெயர். பழையவை தேய்ந்துபோனதால் புதிதாக வாங்கி, மாட்டித் தரும்படி மச்சானிடம் கொடுத்தான். சர்வோவின் திருகுத் துளைகளில் ரப்பர் வளையம், அதற்குள் பொடிப் பித்தளைக் குழல். திருகு பித்தளையில் முட்டி நின்றுவிட வேண்டும், ரப்பர் நசுங்கினால் இஞ்சின் அதிர்வெல்லாம் சர்வோவுக்குள் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னான்.

சக்திவேல் சொன்னபடியே மாட்டினான். விரலால் தொட்டால் சர்வோ லேசாக அசைந்தது. தங்கச்சி புருஷன் தலைக்கு மேலே பறக்கப்போகிற சாமானில் ஆடுகிற மோட்டாரா? அவனுக்கு மனசு ஒப்பவில்லை. பித்தளைக் குழல்களை உருவிப் போட்டுவிட்டு, ரப்பர் சப்பையாகும் மட்டும் முடுக்கினான். வெங்கடேஷிடம் சொல்லவில்லை, சொன்னால் கழற்றச் சொல்வான். எல்லாம் பாசத்தில் செய்ததுதான். பாசம் என்பதற்காக மடத்தனம் மடத்தனம் இல்லாமல் போய்விடுமா?

எஸ்டேட் மைதானத்தில் நாலைந்து தரம் நன்றாகவே பறந்தது. தேருக்கு முந்தின வாரம், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது திடீரென்று சாய்ந்தது. ரிமோட்டுக்குக் கட்டுப்படவில்லை. வெங்கடேஷ் ஓடுவதற்குள் அவன் மேலேயே வந்து விழுந்தது. விசிறி முகத்தைக் குறுக்காக வெட்டியது.

சேலம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார்கள். ஜீப் ஓட்டும் வேலை இனி அவனுக்கு இல்லை.

உடைந்த ஹெலிகாப்டரைச் சக்திவேல் பட்டறைக்குத் தூக்கி வந்தான். தன் திருகு எதுவும் கழன்றிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே பார்த்தான். ஒன்றுகூடக் கழன்றிருக்கவில்லை. பேட்டரி கொடுத்தபோது ஒரு சர்வோ மட்டும் அசையவில்லை. பிரித்துப் பார்த்தான். உள்ளே ஒயர் அதிர்ந்து அதிர்ந்தே, பற்றவைத்த இடத்தில் அறுந்திருந்தது. வெங்கடேஷ் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டிலருகே இருந்த ஜெயகுமாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ண்ணா, நீங்க செரியா முடுக்காம உட்டுட்டீங்கன்னு ஊருல பேசறாங்க. நீங்களே சொல்லுங்க, நல்லா முடுக்கித்தானே வெச்சீங்க?"

"முடுக்கித்தான் கண்ணு வெச்சேன்."

"எனக்குத் தெரியுமுங்ண்ணா" என்று அழுதாள்.

முகமெல்லாம் கட்டோடு படுத்திருந்த வெங்கடேஷ் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினான்.

"மச்சான், அந்தப் பித்தளைய என்ன பண்ணுனீங்க?"

"கழட்டிப் போட்டுட்டேன் மாப்ள. ஆடுதேன்னு."

வெங்கடேஷ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயகுமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பித்தளை என்று இருவரையும் மாறிமாறிக் கேட்டாள். அண்ணன் கையை அவள் இன்னும் விடவில்லை.