தொடாத கை

வெள்ளைச் சீலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே உயிர் பிரிந்த ஹமீதாவின் மையித்தைக் குளிப்பாட்டினார்கள். பெற்ற தாய் பாத்தும்மா வெளியே, முருங்கை மரத்தடியில் நின்றாள்.

"ஒரு செம்புத் தண்ணி ஊத்தக்கூடாதோ? என்ன கல்மனசடி உனக்கு!" நூறும்மா மாமி எல்லாருக்கும் கேட்கவே சொன்னாள்.

பாத்தும்மா மருத்துவிச்சி. தாராபுரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை ஏந்தின கை அவளுடையது. பிள்ளை குறுக்கே கிடந்ததால்தான் மகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஆண்பிள்ளை பிறந்தது. அவன் இப்போது ஹமீதாவின் மைத்துனி மடியில் பால் குடிக்கிறான். ஹமீதாவுக்குத்தான் காய்ச்சல் பிடித்தது, பக்கத்துக் கட்டில்காரிக்கும் அதே காய்ச்சல்.

"சண்டை நடக்கேக்க இந்தக் குளிசைக்கு அடங்கின காய்ச்சல், அம்மா," என்றார் நேற்றிரவு ஆஸ்பத்திரி டாக்குத்தர். "இப்ப கிருமி குளிசைக்குப் பழகிப்போச்சு. கையாலதான் பரவுது. கழுவினாலும் நம்ப ஏலாது."

ஹமீதா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பாத்தும்மா அவள் நெற்றியில் கை வைக்கப் போனபோது முகத்தைத் திருப்பினாள்.

"தொடாதீங்கோ உம்மா. பெற்றிசியாவுக்குப் பிள்ளை இண்டைக்கோ நாளைக்கோ. உங்கள விட்டா அவளுக்கு ஆர் இருக்கினம்?"

"நீ என்ர பிள்ளையடி!"

"மௌத்தானாலும் தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

பாத்தும்மா சொன்னாள். விடியும்போது ஹமீதா மூச்சடங்கி மௌத்தானாள்.

"பிள்ளைப்பேத்தில மௌத்தானவ ஷஹீது, நேரே சொர்க்கம் போவா, அழாத," என்று யாரோ தேற்றினார்கள். அது அல்லாஹ்வின் கணக்கு. பாத்தும்மாவின் நெஞ்சு நிமிர்ந்தது வேறொன்றுக்கு. கொதிக்கிற காய்ச்சலிலும் அடுத்தவள் பிள்ளையை நினைத்தாளே, என் வயிற்றில் பிறந்த ராசாத்தி!

வாசல் படலையடியில் பெற்றிசியாவின் புருஷன் டொமினிக் வந்து நின்றான். மையித்து வீட்டைக் கண்டு தலைத்துண்டைக் கையில் கசக்கினான்.

"பிள்ளை நோ வந்திட்டுதோ?" என்று பாத்தும்மாவே கேட்டாள்.

"ஓம் உம்மா. எப்பிடிக் கூப்பிடுறதெண்டு..."

"நில்லு, வாறன்."

கிணற்றடியில் முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவினாள். பிறகு வெள்ளைச் சீலைக்கு இப்பால் வந்து நின்றாள்.

"ஹமீதா, நான் தொடயில்லை மகள். போயிட்டு வாறன்."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. நூறும்மா மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டொமினிக்கின் பின்னால் மணலில் பாத்தும்மா வேகமாக நடந்தாள். கண்ணீர் வாய் வரை ஓடிற்று. இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முன்னால் ஏந்திக்கொண்டு, தோளில் முகத்தைத் துடைத்தாள்.