கடனை விட்டுக்கொடுக்காதவள்

மத்தியஸ்தர் அறைக்குப் படியேறும்போதே அண்ணன் ஆரம்பித்துவிட்டான். அவன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். எதையும் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் எதிராளியின் மண்டையில் ஏறும் என்று நம்புகிறவன்.

"கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடு. அந்த ஆள்கிட்ட ஒண்ணும் வேண்டாம். சொத்தும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். உன் பேர்ல இருக்கற கடனைக் கொஞ்சம் கொஞ்சமா நான் அடைச்சுக்கறேன். மாடி ரூம் சும்மாதானே கிடக்கு? அண்ணிக்கும் கூடமாட ஒத்தாசையா இருக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அந்த ஒத்தாசை என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷத்துப் பாத்திரங்கள் கழுவக் காத்திருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். கைப்பையை இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

விவாகரத்துக்கு இரண்டு பேருமே சம்மதித்தாகிவிட்டது. குழந்தை இல்லாததால் அந்தப் பிடுங்கலும் இல்லை. எது யாருக்கு, எந்தக் கடன் யார் தலையில் என்பது மட்டும்தான் பாக்கி. அதைப் பேசி முடிக்கத்தான் மத்தியஸ்தர் கூப்பிட்டிருந்தார்.

அறையில் ஒரு நீள மேஜை, வெள்ளைப் பலகை, எந்நேரமும் கரகரக்கும் ஏசி. மத்தியஸ்தர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு அம்மாள். எதிர்ப்பக்கம் கணவன். பக்கத்தில் துணைக்கு அவன் அக்கா. தம்பி தும்மினால்கூட அதில் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிற நாத்தனார்.

கணவனைக் கடையில் எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடையது லாண்டரி. ஓட்டல் விரிப்புகள், ஆஸ்பத்திரிப் போர்வைகள் என்று மூட்டை மூட்டையாக வரும். முதலாளி முன்னால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் உலக விவகாரம் பேசுவான். பின்னால் ஆவியிலும் ஈரத்திலும் வெந்துகொண்டிருந்தது அவள். எந்தக் கறைக்கு எந்தச் சூடு, எந்த மெஷினில் எவ்வளவு போட்டால் அது ஆட்டம் காட்டாது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. முதலாளிக்கு ஸ்விட்ச் இருக்கும் இடம் தெரியும், அதுவும் உத்தேசமாக.

லாண்டரிக்கு முன்னால் அவன் ஒரு செல்போன் கடை வைத்து அதை மூழ்கடித்திருந்தான். அவள் நகையும் அதோடு போயிற்று. எந்த பேங்கிலும் அவனை வாசலோடு அனுப்பினார்கள். "உன் பேர்ல லோன் போட்டுக்கலாம். நீ வேற நான் வேறயா?" என்றான். துணி துவைக்கிற மெஷின் மூன்று, உலர்த்துகிறது ஒன்று, ஆவி இஸ்திரி ஒன்று. எல்லாம் அவள் கையெழுத்தில் வந்து இறங்கின. தவணை தப்பினால் பேங்கிலிருந்து போன் வருவதும் அவளுக்குத்தான். மாசக் கடைசியில் மேனேஜர் மேஜைக்கு எதிரில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவள்தான். அப்போதெல்லாம் முதலாளிக்கு எங்காவது அவசர வேலை வந்துவிடும்.

"முதல்ல உங்க தரப்பைச் சொல்லுங்க" என்றார் மத்தியஸ்தர்.

அவன் தொண்டையைச் செருமினான். "நான் நியாயமா பேசறவன் மேடம். யார் பேர்ல எது இருக்கோ, அது அவங்களுக்கு. ஃப்ளாட் என் பேர்ல இருக்கு, செல்போன் கடைக்கு முன்னாடியே வாங்கினது, அதுக்கு மாசாமாசம் நான்தான் கட்டறேன். கடை வாடகை ஒப்பந்தம் என் பேர்ல. கடை லோனெல்லாம் அவ பேர்ல. ஆளாளுக்கு அவங்கவங்களுது. முடிஞ்சுது."

"என் தம்பி மாதிரி யாரும் இவ்வளவு சுத்தமா கணக்குத் தீக்க மாட்டாங்க" என்று நாத்தனார் உச்சி குளிர்ந்தாள்.

உண்மையைச் சொன்னால், அவள் திட்டம் எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. பாதி மனசில் அண்ணன் சொன்னபடியே கையெழுத்துப் போட்டுத் தலைமுழுகிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் வாய் கூசாமல் "லோனெல்லாம் அவ பேர்ல" என்று அவன் சொன்னபோது ஒரு கோபம் கிளம்பியது. இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

"இந்த விதி எல்லாத்துக்கும் பொருந்துமா?" என்று மத்தியஸ்தர் கேட்டார். அவர் பார்வை ஒரு கணம் அவள் பக்கம் வந்து போனது.

"எல்லாத்துக்கும்" என்றான் முதலாளி, மேஜையைத் தட்டி. மத்தியஸ்தர் அதைப் பலகையில் எழுதினார்.

"உங்களுக்குச் சம்மதமாம்மா?"

அண்ணன் முழங்கையால் இடித்தான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சம்மதம். லோன் பூரா எனக்கு. லோன்ல வாங்கின மெஷின் பூரா எனக்கு. பில்லும் என் பேர்லதான் இருக்கு."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் என் மெஷின், என் மெஷின் என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, அது யார் பேரில் வாங்கியது என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. செல்போன் கடைக் கடன்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று பில்லையும் அவள் பேரில் போடச் சொன்னது அவனேதான்.

"மெஷின் இல்லாம கடையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"ஃபேன் உங்களுதுதான்" என்றாள் அவள். "எடுத்துட்டுப் போக மாட்டேன்."

மத்தியஸ்தர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவும் தம்பியும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அவன் குரலில் திடீரென்று தேன் வடிந்தது.

"சரி, பழசையெல்லாம் விடு. மெஷினை என்கிட்டயே விட்டுடு. லோன் மொத்தத்தையும் நான் கட்டிடறேன். நீ ஒரு பைசா கட்ட வேண்டாம்."

அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டான். "கேட்டியா? கடனே இல்லாம வெளிய வந்துடலாம்! சரின்னு சொல்லு!"

"நீங்க இங்க என்ன எழுதிக்கிட்டாலும் பேங்க் அதைப் பாக்காது" என்று மத்தியஸ்தர் குறுக்கிட்டார். "யார் கையெழுத்தோ அவங்களைத்தான் கேக்கும். அவர் கட்டலைன்னா மறுபடி இந்தம்மாவைத்தான் கூப்பிடுவாங்க."

"அவர் ஒழுங்கா கட்டினாலும் தரமாட்டேன் மேடம்" என்றாள் அவள். "கடன் என்னோடது."

"கடனுக்காகச் சண்டை போடற பொம்பளையை இப்பத்தான்டி பாக்கறேன்" என்றாள் நாத்தனார்.

"நல்லா பாத்துக்கங்க அக்கா. பேங்க்ல நின்னு திட்டு வாங்கறப்ப அது என் கடன். உங்க தம்பி ஒரு நாள் கூட வந்து நிக்கலை. இப்ப பொருள் கை மாறுதுன்னதும் அவர் கடனா ஆயிடுச்சா? ராத்திரி பகல்னு பாக்காம வெந்து அதைப் பாதிக்கு மேல கட்டினவ நான். மீதியையும் நான்தான் கட்டுவேன்."

அவள் குரல் நடுங்கியது. பயத்தில் இல்லை என்று சொன்னால் பொய். பயமும் இருந்தது. ஆனால் வாய் நிற்கவில்லை.

முதலாளி கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "தூக்கிட்டுப் போய் எங்க வைப்ப? நடுத்தெருவிலயா? கெட்டித் தரையில போல்ட் போட்டு இறுக்கலைன்னா சுத்தற ஆட்டத்துல அது நடந்தே போயிடும். உனக்கு எவன் இடம் குடுப்பான்? பழைய இரும்புக்குத்தான் போடணும்."

அது மட்டும் சரியான அடி. இடம் இல்லாவிட்டால் மெஷினும் இல்லை, வேலையும் இல்லை, கடன் மட்டும்தான் மிச்சம். மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தம்ளரை வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, உன் கார் ஷெட் காங்கிரீட் தரைதானே?"

அண்ணன் விழித்தான். "ஆமா. ஏன்?"

"வாடகை எவ்வளவு?"

"என்னது? தங்கச்சிகிட்ட வாடகையா? அப்ப கார்?"

"வெயில்ல நிக்கட்டும். கரையாது."

"மாடி ரூம்ல நிம்மதியா இருன்னா..."

"மாடியில சும்மா உக்கார வச்சா, நாளைக்கு நீயும் எனக்கு முதலாளி ஆயிடுவ அண்ணா. எனக்கு ஷெட் போதும். ரசீது போட்டுக் குடு."

அண்ணனின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. எதிரில் முதலாளி சிரிக்கத் தயாராக இருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாடகையைச் சொன்னான்.

"கம்மி" என்றாள் அவள். "உன் தெருவில மத்தவங்க என்ன வாங்கறாங்களோ அதைச் சொல்லு."

கொஞ்சம் ஏற்றிச் சொன்னான். மத்தியஸ்தர் எழுதத் தொடங்கினார். முதலாளி அக்காவைப் பார்த்தான். அக்கா ஏசியைப் பார்த்தாள்.

"லோன் முடிய இன்னும் நாலு வருஷம் இருக்குடி" என்று அண்ணன் அவள் காதருகே குனிந்து, ஏறக்குறைய அழுகிற குரலில் சொன்னான். "நாலு வருஷம் என்ன பண்ணுவ?"

"துவைப்பேன்" என்றாள். "ஓட்டல்காரங்க கடை பேரைப் பாத்தா துணி போடறாங்க? என் வேலையைப் பாத்துதான். நாளைக்குக் காலையில ஷெட்டைக் காலி பண்ணி வை."