நிற்க வேண்டிய கோடு

அளவு அமோகமாக வந்திருக்கிறதே என்று ஒருத்தி கைகால் உதற உட்கார்ந்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? பிரான்ஸில், பெசான்சோன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் அந்தச் செவ்வாய்க்கிழமை சொலேன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடமாக அவளுக்கு ஒரே வேலை. லேசரின் நடுக்கத்தை அடக்கி, சீப்பின் பற்களைப்போல ஒரே இடைவெளியில் நிற்கும் ஒளி அலைகளை அதோடு பூட்டி, அந்தத் துடிப்பிலிருந்து இரைச்சலே இல்லாத மைக்ரோவேவ் சைகையை, அதாவது சிக்னலை, எடுப்பது. எடுத்தும் விட்டாள். அளப்பதில்தான் வினையே. கருவியின் சொந்த இரைச்சலே சைகையை மூழ்கடித்தது. அதனால் ஒரு சின்னப் பெட்டியில் சைகையை இரண்டாகப் பிரித்து இரண்டு கருவிகளுக்குக் கொடுத்தாள். இரண்டும் சேர்ந்து கேட்பது சைகையின் இரைச்சல். தனித்தனியே கேட்பது கருவிகளின் உளறல், நேரம் போகப் போக அது கரைந்துவிடும். திரையில் இரைச்சலின் அளவைக் காட்டும் கோடு இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை. காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் மேல்தான் அவளுக்குச் சந்தேகம். பெட்டியின் சூட்டிலிருந்தும் ஓர் இரைச்சல் கிளம்பும். ஒரு கருவிக்கு நேராகவும் மற்றதற்குத் தலைகீழாகவும் போகும் அது, சைகையின் உண்மையான இரைச்சலை விழுங்கிவிட்டால் திரை பொய் அமைதியைக் காட்டும். இப்படி அளந்து எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பி ஒரு வாரமாகிவிட்டது. செப்டம்பரில் அவள் வேலை ஒப்பந்தம் முடிகிறது. நீட்டுவதா வேண்டாமா என்று பார்க்க மதாம் மூஜேன் பாரிஸிலிருந்து இரண்டு மணிக்கு வருகிறார். இந்தத் துறையில் அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினால் போதும், ஆள் காலி.

சாப்பாட்டு வேளையில் ஆய்வகத் தலைவர் தியெரியிடம் சொல்லிப் பார்த்தாள். பெட்டியைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால் தெரிந்துவிடும், பெட்டி யோக்கியமாக இருந்தால் கோடு மேலே ஏறாது என்றாள். உருளைக்கிழங்கின் மேல் உருகிய பாலாடைக்கட்டியை ஊற்றிக்கொண்டிருந்தவர் தலையே நிமிரவில்லை.

"அவங்க கிளம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம். நீயா எதுக்கு வம்பை விலைக்கு வாங்குற?"

"தப்பா இருந்தா?"

"இருந்தா செப்டம்பர்லேர்ந்து வீட்ல உக்காந்து நிதானமா யோசி."

கெட்டவர் இல்லை, பயந்தவர். இரண்டுக்கும் பல சமயம் வித்தியாசம் தெரிவதில்லை என்பதுதான் எரிச்சல்.

மதாம் மூஜேன் வந்தார். காபி வேண்டாமென்று மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் திரை முன்னால் நின்றார். பிரமாதம் என்று ஒரே வார்த்தை. அவர் குறை சொல்லியிருந்தால் சொலேன் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை.

"மதாம், இது பொய்யா இருக்கலாம்," என்றாள்.

விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. பெட்டியைத் தெர்மோகோல் தொட்டிக்குள் வைத்து நைட்ரஜனை ஊற்றினாள். பாதி தரையில் கொட்டிப் புகைந்தது. தியெரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக அளக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் ஓடியது.

கோடு இறங்கியது, நின்றது. காலையில் இருந்ததைவிட இருபது மடங்கு மேலே நின்றது.

போச்சு, எல்லாம் போச்சு என்று சொலேன் மேசையைப் பிடித்துக்கொண்டாள். வசவு வரவில்லை. இந்தப் பெட்டியை எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் மதாம் கேட்டார்.

"உங்க கட்டுரையில போட்டிருந்த அதே பெட்டிதான், மதாம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. அந்த அம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தப் பெட்டியை நம்பி அளந்த ஒன்பது வருடம், எத்தனையோ கட்டுரைகள், அந்த எண்களை நம்பி எழுதிய எத்தனையோ பேர். இது இந்த அறையைத் தாண்ட வேண்டியதில்லை என்று தியெரி அவசரமாக முணுமுணுத்தார். மதாம் கதவையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"உன் கட்டுரையை இன்னிக்கே திருப்பி வாங்கிடு. எங்களோடது எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். செப்டம்பருக்கு அப்புறம் பாரிஸுக்கு எங்க ஆய்வகத்துக்கே வந்து நீ அளந்து குடு," என்றார். "எனக்குப் பயமா இருக்கும்மா."