கதவு அறைந்தால் காணாமல் போகிறவள்

எங்கள் புவெனஸ் அயர்ஸில் மனநல மருத்துவர் இல்லாத ஆளுக்கு மரியாதையே கிடையாது. பூங்காவில் புறாக்கள்கூட முன்பதிவு செய்துவிட்டுத்தான் சோகமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பக்கத்து வீட்டு ரோமினாவுக்கு உதவி தேவை என்றதும், கறிக்கடைக்காரர் எலும்பு வெட்டிக்கொண்டே தன் டாக்டரைச் சிபாரிசு செய்தார்.

எங்காவது கதவை அறைந்து சாத்தினால் போதும், ரோமினா உட்கார்ந்தபடியே காணாமல் போய்விடுவாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்து கதவை அறைந்த நாட்களில் பழகியது. இப்போது அவளுக்கே கைக்குழந்தை இருக்கிறது. அக்கா யானினா அவளைக் குழந்தையோடு தனியாக விடுவதே இல்லை.

"ஒரே ஒரு மத்தியானம் போதும் பெருசு. பெத்த பிள்ளையோட நான் மட்டும்" என்பாள் ரோமினா என்னிடம்.

கறிக்கடைக்காரர் சொன்ன டாக்டர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, அவள் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். இங்கே அதுதான் முறை. எவ்வளவு பேசாமலிருக்கிறாரோ அவ்வளவு பெரிய டாக்டர். ஒருநாள் வாசல் கதவு அறைந்தது. ரோமினா போய்விட்டாள். நேரம் முடியும்வரை இருவரும் மூச்சுக் காட்டவில்லை.

"பிரமாதமான மௌனம்! இன்னிக்கு ரொம்ப ஆழமா போயிட்டீங்க" என்று கைகுலுக்கினாராம்.

"நான் அங்க இல்லவே இல்ல பெருசு! பிணத்தைப் படுக்க வச்சிருந்தா அந்தாளு பரிசே குடுத்திருப்பாரு."

பிறகு யானினா விசாரித்து, இந்த மாதிரிப் பிள்ளைக்காலக் காயங்களையே படித்த டாக்டர் நோயெமியைக் கண்டுபிடித்தாள். அங்கே கட்டில் இல்லை, எதிரெதிர் நாற்காலி. பேச்சின் நடுவே லிஃப்டின் இரும்புக் கதவு இடித்தது. ரோமினாவின் கண் மாறியதை டாக்டர் உடனே கவனித்துவிட்டார்.

"ரோமினா, அது லிஃப்ட் சத்தம். நீங்க என் அறையில இருக்கீங்க. பாதத்தைத் தரையில அழுத்துங்க."

அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார். "அப்பா கதவை அறைஞ்சப்போ அந்தச் சின்னப் பொண்ணுக்கு ஓட இடமில்ல. உள்ளுக்குள்ளயே ஓடி ஒளிஞ்சுக்கிட்டா. கெட்டிக்காரி. இனிமே திரும்பி வர வழியைப் பழகலாம்."

அன்று ரோமினா என் வீட்டுக்கு ஓடிவந்து, ஊர் வம்பு சொல்வதுபோலச் சொன்னாள்: "பெருசு, இந்த டாக்டர் வாயைத் திறந்து பேசுறாங்க!"

வழி பழக ஒரு வருஷம் பிடித்தது. போன வசந்தத்தில், யானினா குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் போகாமல் என் வீட்டில் ஒளிந்துகொண்டாள். இருவரும் சுவரில் காதை வைத்தோம். காற்றில் அடுக்களைக் கதவு அறைந்தது. தெருவே குலுங்கியது என்பேன். யானினா என் கையை நசுக்கினாள்.

சுவருக்கு அப்பால் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ரோமினாவின் குரல்: "காத்துடா ராஜா. வெறும் காத்து. அம்மா இங்கதான் இருக்கேன்."

குழந்தை சிரித்தது. யானினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓசைப்படாமல் வேலைக்குக் கிளம்பினாள்.