செல்லில் தெரியாத பலகை

1

இந்தக் கதை தேனியில் ஒரு சிநேகிதர் வீட்டு டிவியில்தான் எனக்குக் கிடைத்தது. அவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் ஓரத்தில் ஆள் உட்காராத ஒரு காலிப் பலகை, அதன்மேல் மடித்த பட்டு வேட்டி. "அது யாருக்கு?" என்று கேட்டேன். அதே காதுகுத்தைச் செல்லில் பார்த்துக்கொண்டிருந்த சிநேகிதரின் மனைவி, "எது? இங்கன அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார். நாங்கள் இருவருமே பார்த்தது சரிதான். எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் மனதார நான் விடும் புளுகு.

2

"தொழில்நுட்பம் மனித உறவுகளை…" (அடித்துவிட்டேன். காதுகுத்துக்கு வந்த இடத்தில் பிரசங்கம் எதற்கு?)

"சுருளிராஜன் கெட்டவன் இல்லை, ஆனால்…" (இது பிறகு.)

அனுசுயாவுக்குக் காலையிலிருந்து ஒரு வாய் காப்பி குடிக்க நேரமில்லை. (இந்த வரியை அடிக்கவில்லை.)

அனுசுயா போடிக்காரி. விசேஷ வீடுகளுக்கு நேரலை செய்து கொடுப்பது அவள் தொழில். கேமரா ஒன்று, படம் இரண்டு. டிவியில் பார்ப்பவர்களுக்கு அகல வாக்கில் ஒன்று, செல்லில் பார்ப்பவர்களுக்கு நெட்டு வாக்கில் ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில் போகும். நெட்டுப் படம் அகலப் படத்தின் நடுத்துண்டுதான். ஓரத்தில் இருப்பவர்களுக்கு அதில் இடம் கிடையாது.

3

குச்சனூர் மண்டபத்தில் பிள்ளையின் அம்மா முனீஸ்வரி அவளிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எக்கா, எங்கண்ணன் வரமாட்டாக. கம்பத்துல இருந்து பாப்பாக. அவுகளுக்குன்னு பலகை போட்டு வேட்டி வச்சிருக்கேன். அது தெரியணும்க்கா."

"தெரியும் ஆத்தா. நீ போயி பிள்ளையப் பாரு."

அகலப் படத்தில் பலகை பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் சொன்னாள்.

(அண்ணன் விஜய்பாண்டி ஏன் வரவில்லை? தாய்மாமனுக்குப் பத்திரிகை வைப்பதென்றால் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் போக வேண்டும். முனீஸ்வரியின் புருசன் சுருளிராஜன் ஊருக்கெல்லாம் அனுப்பிய வாட்ஸ்அப் பத்திரிகையை மச்சானுக்கும் சேர்த்துத் தட்டிவிட்டான். மறந்துபோய்ச் செய்ததுதான். அப்புறம் நேரில் போக வெட்கம், வெட்கம் போய் வீம்பு. எனக்கு இந்த ஆளைப் பிடிக்கவில்லை; ஆனாலும் இப்படி இரண்டு பேர் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.)

4

தாய்மாமன் இல்லாததால், முனீஸ்வரியின் சித்தப்பா மகன் ராக்கையா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். அப்போது நேரலைக்குக் கீழே விஜய்பாண்டி பெயரில் ஒரு வரி வந்தது.

"மாமன் மடிக்கு ஆள் கிடைச்சிருச்சு போல. நல்லா இருங்க."

அனுசுயாவுக்குத் திக்கென்றது. நெட்டுப் படத்தைப் பார்த்தாள். பிள்ளை, ராக்கையா, ஆசாரி. பலகை இல்லை. அந்த மனிதர் செல்லில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தில் அவளைப் பதில் தட்டச்சு செய்ய வைத்தேன்: "அண்ணே, உங்களுக்குப் பலகை போட்டு…" எடுத்துவிட்டேன். செல்லில் வந்த பத்திரிகைக்குக் கோபித்தவரைச் செல்லில் வரும் இன்னொரு வரியா சமாதானப்படுத்தும்? முனீஸ்வரியைக் கூப்பிட வைத்தேன். மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

கடைசியில் அனுசுயா அவள் தொழிலையே செய்தாள். நெட்டுப் படத்தின் சட்டத்தை நகர்த்திப் பலகையின்மேல் கொண்டுபோய் வைத்தாள். செல்லில் பார்த்தவர்களுக்குப் பிள்ளை மறைந்தது. "பிள்ளையக் காணோம்", "காசு வாங்கிட்டு வெறும் பலகையக் காட்டுறாக" என்று கீழே திட்டு விழுந்தது. அவள் சட்டத்தைத் திருப்பவில்லை. இவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

5

சுருளிராஜன் செல்லை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னம்மா இது, எல்லாரும் எனக்குப் போன் போடுறாக. பிள்ளைய விட்டுட்டுப் பலகையவா எடுப்பாக?"

"உங்க மச்சான் பாக்குறாகண்ணே. அவுகளுக்குப் பலகை தெரியல. இப்பத்தான் தெரியுது." அந்த வரியை அவனுக்குக் காட்டினாள்.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான்.

("சுருளிராஜன் கண்கலங்கி…" வேண்டாம். அவன் கலங்கவில்லை. காது மட்டும் சிவந்தது.)

நேரே போய் ஆசாரியிடம், "செத்த பொறுங்க" என்றான். வெற்றிலை பாக்கு பழத்தட்டை எடுத்தான், ஒரு பத்திரிகையை அதில் வைத்தான். பலகைக்கு முன்னால் வந்து, இரண்டு கையாலும் தட்டைக் கேமராவை நோக்கி நீட்டினான்.

"மச்சான், வாங்க. தப்பு என்னோடதுதான்."

மேளம் நின்றது. முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

6

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. விஜய்பாண்டி திராட்சைத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு பைக்கை எடுக்கிறார். அல்லது "நேரமாகுது, குத்துங்க" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, செல்லைப் பார்த்தபடி அழுகிறார். அல்லது சுருளிராஜன் தட்டை எடுக்கப் போன நேரத்திலேயே செல்லை அணைத்துவிட்டிருந்தார். இந்த மூன்றாவதை எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல நேரம் கழிந்துகொண்டிருக்கிறது. ஆசாரி பொறுத்திருக்கிறார், பிள்ளை சிணுங்குகிறது. சுருளிராஜனுக்குக் கை கடுக்கிறது. ஆனாலும் தட்டை இறக்கவில்லை. அதை இறக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வாங்கிக்கொள்ளவும் முடியாது, நான் அந்தப் பிள்ளைக்கு மாமன் இல்லை. உங்களுக்கும் ஒரு தங்கச்சி இருந்து, அவள் வீட்டுப்பக்கம் போய் நாளாகியிருந்தால், நீங்கள் கையை நீட்டுங்கள்.