நேற்றைய பச்சை

நான்கே நான்கு வரி. அழிக்கச் சொன்னவர் ஒருவர், அழித்தவள் ஒருத்தி. இதில் யார் மீது கோபப்படுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு பேர் மீதும் தாராளமாகப் படலாம். சின்னவளே தன்னை விட்டுவைக்கவில்லை.

சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். அக்காவுக்கு இளையவள், அவ்வளவுதான் காரணம். ஆபீஸில் அவள் பொறுப்பு ஒரு மொபைல் ஆப். எந்தக் கடையில் இப்போது ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று மேப்பில் புள்ளி வைத்துக் காட்டும். கடை எங்கே இருக்கிறது, கையிருப்பு என்ன என்ற தகவல் வேறோர் இடத்துச் சர்வரில் இருக்கும். ஆப் ஐந்து நிமிடத்துக்கொரு முறை அதைக் கேட்டு வாங்கி, சிலிண்டர் உள்ள கடைக்குப் பச்சைப் புள்ளி வைக்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால்? அதற்கும் சின்னவள் புரோகிராமில் எழுதியிருந்தாள். புள்ளியெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். "இது பழைய தகவல், போகுமுன் கடைக்கு ஃபோன் செய்யவும்" என்று கீழே வரும். அந்த நான்கு வரிதான்.

மேனேஜருக்கு அதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. அவருக்கு எதுவும் மினுமினுவென்று இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஆபீஸே அவரைப் பளபளா என்றுதான் சொல்லும். மேப் என்ன இழவு வீடு மாதிரி இருக்கிறது, சர்வர் எப்போதோ ஒரு முறைதானே படுக்கும், அதுவரை பழைய பச்சையே இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார். சின்னவள் ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றாள். மறுநாளும் மனிதர் அதே பல்லவியைப் பாட, எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று அழித்துத் தொலைத்தாள். பத்து நிமிட வேலை. முடித்துவிட்டு டீ குடிக்கப் போனாள், அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் மூன்று மணிக்கு அக்காவின் ஃபோன் வந்தது. ஆப்பைப் பார்க்க வெளியிலிருந்து ஆறு பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். சுவர் முழுக்க மேப். அதில் நாற்பத்திரண்டு பச்சைப் புள்ளிகளைக் காட்டிப் பளபளா அளந்துகொண்டிருந்தார்.

அத்தானுக்கு நுரையீரல் கெட்டு ஒரு வருடம் ஆகிறது. மூக்கில் குழாய், கட்டிலருகே சிலிண்டர், அதில்தான் மூச்சு. காலி சிலிண்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் மாற்றி வருவது அக்காவின் வேலை. தங்கச்சி செய்த ஆப் என்று தெருவில் பாதிப் பேர் ஃபோனில் அதை ஏற்றிவிட்டதும் அவள்தான்.

"ரெண்டு கடை பாத்துட்டேன்டி," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "ஒன்னு பூட்டிக் கெடக்கு. இன்னொன்னுல நேத்தே தீந்துபோச்சாம். உன் மேப்புல ரெண்டும் பச்சை. வீட்டுல இருக்கறது இன்னும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்காது. எங்க போறது, சொல்லு."

சின்னவள் சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தாள். முந்தின நாள் காலை பதினோரு மணிக்குப் பிறகு அது வாயே திறக்கவில்லை. சுவரில் இருந்த நாற்பத்திரண்டும் நேற்றைய பச்சை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து போய்ப் பளபளாவின் காதில் சொன்னாள். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமலே, இவர்கள் போகட்டும், அதுவரை எதையும் தொடாதே என்றார் அவர். தொடாமல் இருக்க அவளுக்கென்ன பைத்தியமா? மேப்பை மொத்தமாக நிறுத்தினாள். சுவர் வெள்ளையாகிவிட்டது. ஆறு பேரும் பளபளாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து கடைகளுக்கு ஒவ்வொன்றாக ஃபோன் போட்டாள். தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க, ராங் நம்பர், தீர்ந்துபோச்சு. ஒன்பதாவது கடைக்காரர் ஒன்றே ஒன்று இருக்கிறது என்றார். என் அக்கா வரும்வரை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றாள். அக்கா சிலிண்டரோடு வீடு சேர்ந்தபோது அத்தானுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. அரை மணி கழித்து, பேசுகிறார், கஞ்சி கேட்கிறார் என்று ஃபோன் வந்தது. சின்னவள் படிக்கட்டிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டுப் பளபளா வந்தார். மானம் போயிற்று என்று முதலில் ஒரு பாட்டம் கத்தினார். அத்தான் பிழைத்துக்கொண்டதைக் கேட்டதும் குரல் இறங்கியது.

"அதான் கெடச்சிருச்சே. அந்தக் கடையும் நம்ம மேப்புல பச்சையா இருந்ததுதானே?"

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் கூடத் தப்பில்லை. அவள் கை அதற்குத்தான் துடித்தது. அதை விட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நேற்று பதினோரு மணியிலிருந்து பச்சைப் புள்ளியை அழுத்தி வழி கேட்டவர்கள் அறுநூற்றுப் பதின்மூன்று பேர். அக்கா அதில் ஒருத்தி. மற்றவர்களுக்கு ஃபோன் போட்டுக் கொடுக்க எந்தத் தங்கச்சி இருந்தாள்?

பட்டியலில் ஒருவரிடம் அவள் கண் நின்றது. நேற்று பன்னிரண்டே முக்காலுக்கு முதல் கடை. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஏழு கடை. கடைசிக் கடை நாலு பத்துக்கு. அதன் பிறகு அந்த ஃபோன் ஆப்பைத் திறக்கவே இல்லை.

ஆப்பில் சேரும்போது கொடுத்த நம்பர் அங்கேயே இருந்தது. எடுத்து அழுத்தினாள். நாமாகப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று பளபளா பதறினார். அவள் ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்தாள். நீங்களும் கேளுங்கள் என்றாள்.

எடுத்தது ஒரு பெண். சின்னவள் தான் யார் என்று சொன்னாள். நேற்று சிலிண்டர் கிடைத்ததா என்று கேட்டாள்.

"இப்ப எதுக்கும்மா கேக்குறீங்க?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். பின்னால் பலர் பேசும் சத்தம், நடுவே யாரோ அழும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஒன்னு கேக்கட்டுமா? ஏழு கடையும் பச்சையாத்தானே இருந்துச்சு? எனக்குப் பாக்கத் தெரியலைன்னு சொல்றாங்க வீட்டுல. புருஷனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாம ஊரைச் சுத்திட்டு வந்தியான்னு கேக்குறாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

பளபளா இரண்டு கையையும் ஆட்டினார். சொல்லாதே, சொல்லாதே. சின்னவள் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஏழும் பச்சையாத்தான் இருந்துச்சுக்கா. நீங்க சரியாத்தான் பாத்தீங்க. தப்பா வச்சது நாங்க. வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா ஃபோனைக் குடுங்க, அவங்ககிட்டயும் சொல்றேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அத்தை," என்றது அந்தக் குரல். "கொஞ்சம் இங்க வாங்க."